ஃபோர்மேனின் பத்தியம்

மேலூர் ரோட்டில் காலை ஆறேகால் மணிக்கு நடை போகிறவர்கள் அந்த இருவரையும் பார்த்திருப்பார்கள். கருவை மண்டிய காலி மனையில், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, தரையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நெற்றியில் பளிச்சென்று திருமண். மற்றவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. சற்றுத் தள்ளி ஒரு செம்பழுப்பு நாய், தனக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கொள்ளிடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

"ஏழுதானே?"

"ஏழுதான் சார். தண்ணியா இருக்கு."

"அவசரப்படாதேங்கோ. அந்த ஓரத்தைப் பாருங்கோ, கொஞ்சம் கெட்டி தெரியறதோன்னோ? ஆறரை போடலாம்."

"அரை மார்க்கெல்லாம் டாக்டரம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துண்டுதான் ஆகணும். முப்பத்தஞ்சு வருஷம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பாத்தவன் சொல்றேன். ஸ்பாட்ல நிக்கறவன் போடறதுதான் மார்க்."

மார்க் நாயின் மலத்துக்கு. கல்லாகப் போனால் ஒன்று, தண்ணீராகப் போனால் ஏழு. இரண்டோ மூன்றோ வாங்கினால் பாஸ். அதிக மார்க் வாங்குகிறவன் ஃபெயில் என்கிற இந்த ஏற்பாடு அழகியமணவாளனுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கால்நடைத்துறைக்கு ஒரு கடிதம் எழுதுவதாக இருந்தார். அவர் எழுதுவதாக இருந்த கடிதங்கள் பல.

அழகியமணவாளன் ஓய்வு பெற்று எட்டு வருஷமாகிறது. பதவிதான் அவரை விட்டுப் போனதே தவிர, அவர் பதவியை விடவில்லை. 'ஸ்ரீ பரமபதம் ரெசிடென்சி' என்ற அந்த நாலு மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர் அவர்தான். பேரிலேயே பரமபதம் கிடைத்துவிட்டதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு அதற்குமேல் அடைய வேண்டியது ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை போடுவதுதான் பாக்கி. அவர் மனைவி, மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சி போய் இது மூன்றாவது வருஷம். ஆறு மாதத்துக்கு என்று போனவர்.

எதிர் வீட்டுக்காரர் அமிர்தசாமி. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் கைமேல் எண்ணெய் காயாமல் வேலை பார்த்தவர். ஃபோர்மேன் பதவி வரும் வரும் என்று பார்த்திருந்து, வராமலே வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு நாய்க்குட்டி தானாக வந்து படுத்துக்கொண்டது. அதற்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்தார். "கடைசியில வீட்டுக்கு ஒரு ஃபோர்மேன் வந்துட்டான்" என்று அவர் மனைவி ரோசரி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போய் இரண்டு வருஷமாகிறது. கனடாவிலிருக்கும் மகன் ஆசீர் முதலீடு என்று வாங்கிப்போட்ட ஃபிளாட்டில் அப்பாவைக் கொண்டுவந்து முதலீடு செய்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். பூசைக்குப் போனீங்களா, மாத்திரை போட்டீங்களா, நாய் எப்படி இருக்கு. மூன்று கேள்விக்கும் ஒரே பதில்: "ம்."

நாய் நன்றாக இல்லை. எட்டு மாதமாக வயிறு சரியில்லை. ஒரு வாரம் தேவலாம் என்றிருக்கும், மறு வாரம் பீச்சியடிக்கும். மாதுளைத் தோல், வசம்பு, தயிர்சாதம் என்று கட்டடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பதினேழு கிலோ இருந்தது பத்தாகிவிட்டது. விலா எலும்புகளை எட்டடித் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

தில்லைநகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜென்சி சின்னப் பெண். தூங்கி நாளாகிவிட்ட கண்கள். வளைத்துப் பேச நேரமில்லாதவள்.

"இதுக்குக் குடல்ல நாள்பட்ட கோளாறு. சாப்பாடு எதுவோ ஒத்துக்கலை. எதுன்னு கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரைக்கும் திங்காத ஒரு மாமிசம், திங்காத ஒரு கிழங்கு. எட்டு வாரம். உப்பு, எண்ணெய், மசாலா கிடையாது. கோழி, ஆடு, மாடு எல்லாம் தின்னுருக்கா?"

"ரயில்வே நாய்ங்க டாக்டர். எல்லாம் தின்னுருக்கு. மீன் மட்டும் முள்ளுக்குப் பயந்து குடுக்கலை."

"அப்ப மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். வேற ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. பிஸ்கட் கூடாது, பால் கூடாது, யாராவது ஆசையாக் குடுத்தாலும் கூடாது."

உடன் வந்திருந்த அழகியமணவாளன் எழுந்து நின்றே பதில் சொன்னார். "நோட் பண்ணிண்டேன் மேடம். நானே பர்சனலா மானிட்டர் பண்றேன்."

மறுநாள் எட்டுக் கட்டம் போட்ட அட்டை தயாராகிவிட்டது. தேதி, எடை, வேளை, அளவு, மார்க், நிறம், நாற்றம், குறிப்பு.

சிக்கல் மீனில்தான் வந்தது. பரமபதத்தில் மாமிசம் சமைக்கக் கூடாது என்பது சங்கத்தின் மூன்றாவது விதி. அதிலும் புரட்டாசி பிறந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் முட்டையைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் மாதம். செயலாளர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்:

'மூன்றாம் மாடி டி ஃபிளாட்டில் வேகவைக்கப்படும் மீன், உணவு அன்று, ஔஷதம். உண்பவர் நமது சங்க உறுப்பினர் அல்லர். ஆகவே விதி மூன்று பொருந்தாது. ஜன்னல்கள் சாத்தப்படும். இப்படிக்கு, செயலாளர்.'

அதைப் படித்துவிட்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்த்தால் இன்னொரு அறிவிப்பு வரும் என்ற பயம்தான்.

உறையூர் மீன் மார்க்கெட்டில் வெள்ளையம்மாள் அமிர்தசாமிக்கு வாடிக்கைக்காரியானாள். புரட்டாசியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு வாரம் மூன்று நாள் வரும் வாடிக்கை லேசுப்பட்டதில்லை.

"விராலே எடுத்துக்கங்க சாமி. முள்ளு கம்மி. நோவுல கிடக்கிறவங்களுக்கு அதான் குடுப்பாங்க. வீட்டுல யாருக்கு முடியல?"

"நாய்க்கு."

"நாய்க்கா!" கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நாய்க்கு முள்ளெடுத்த விரால் மீனு! அடுத்த பொறப்புல உங்க வீட்டுல வந்து பொறக்கறேன் சாமி. சரி, நீங்க என்ன திங்கறீங்க?"

"ரசம்."

"தினமுமா?"

"தினமும் வெக்க மாட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெப்பேன்."

வெள்ளையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையையும் வாலையும் தனியாக ஒரு பையில் போட்டு, "இது உங்களுக்கு. குழம்பு வைங்க" என்று கொடுத்தாள். அவர் குழம்பு வைக்கவில்லை. விதி மூன்று அவருக்குப் பொருந்துமே. பையைப் பேருந்து நிறுத்தத்துப் பூனைக்குப் போட்டுவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டி வந்தார்.

பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீனை வேகவைப்பார். ஒவ்வொரு துண்டாக விரலால் பிசைந்து முள் தேடுவார். பட்டறையில் நூலிழை விரிசலைத் தடவியே கண்டுபிடித்த விரல்கள். ஃபோர்மேன் சமையலறை வாசலில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்க்கும். பேச்சுத் துணைக்கு அவருக்கு அதுதான் ஆள். "இரு, இரு. இன்னும் ஒண்ணு இருக்கு. மாட்டுச்சு பாரு." கிழங்கை மசித்துக் கலந்து, எடை பார்த்து வைப்பார். அது தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தன் ரசத்துக்கு வருவார்.

இவ்வளவு பத்தியத்துக்கும் மார்க் இறங்கவில்லை. மூன்று வாரம் ஆகியும் ஆறு, ஏழு, ஆறு.

ஏன் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் உறைக்கவில்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டு மணி அடிக்கும். எட்டு என்றால் எட்டு. திறந்தால் அழகியமணவாளன் வாழையிலைப் பொட்டலத்தோடு நிற்பார். அவருடைய தம்பி மகன் கோயில் மடப்பள்ளியோடு தொடர்புள்ளவன். அவன் கொண்டுவந்து கொடுப்பது. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், விசேஷ நாளென்றால் நெய் வழிகிற அக்காரவடிசல்.

"பெருமாள் பிரசாதம். எடுத்துக்கோங்கோ."

அமிர்தசாமி இரண்டு கையாலும் வாங்குவார். இரண்டு நிமிஷம் வாசலிலேயே பேச்சு நடக்கும். மோட்டார், மழை, நியூஜெர்சியில் குளிர். அப்புறம் கதவு சாத்தப்படும். மறுநாள் எட்டு மணிவரை அந்த மணியை அடிக்க வேறொரு விரல் கிடையாது.

சாத்திய கதவுக்குப் பின்னால்தான் சங்கடம். வேறு சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது ரோசரியின் சட்டம். பொன்மலையில் அக்கம்பக்கத்தார் கொடுத்தால் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள், வாயில் வைக்க மாட்டாள். அவள் இருந்தபோது அமிர்தசாமி திருட்டுத்தனமாக இரண்டு கொழுக்கட்டை தின்றவர்தான். அவள் போன பிறகு அவள் சட்டங்களை அவளைவிடக் கறாராகக் கடைப்பிடித்தார். அவளிடமிருந்து மிஞ்சியதில் தினம் புழங்கக்கூடியது அது ஒன்றுதான்.

தின்ன முடியாது. குப்பையில் போடவும் மனசு வராது. ஒரு மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தது. காலடியில் ஃபோர்மேன் உட்கார்ந்திருக்கும். எட்டு மாதமாக இதுதான் நடைமுறை. அது நாய்க்குச் சாப்பாடு போடுவது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. சாப்பாடு என்பது தட்டில் எடை பார்த்து வைப்பது. இது ஒரு பொருளைக் கௌரவமாகக் கரை சேர்ப்பது. அட்டையில் இதற்குக் கட்டமும் இல்லை.

நாலாவது வாரம் டாக்டர் ஜென்சி நாயை எடை மேடையில் நிறுத்தினாள். ஒன்பது கிலோ இருநூறு.

"மறைக்காம சொல்லுங்க. வேற என்ன குடுக்கறீங்க?"

"நத்திங், மேடம்," என்றார் அழகியமணவாளன். "அட்டையைப் பாருங்கோ. ஒரு பருக்கை வெளியில இல்லை. ஐ வில் சைன் ஃபார் இட்."

"நான் அவரைக் கேட்டேன் சார். ஒரு சொட்டு நெய், எண்ணெய் தடவின ஒரு வாய் சோறு, எதுவானாலும் குடல் மறுபடி வீங்கும். முந்திரி, திராட்சை போட்டது ஏதாச்சும்? திராட்சை நாய்க்கு விஷம்."

அமிர்தசாமிக்குக் காதுமடல் சூடேறியது. அக்காரவடிசலில் பொன்னிறமாக உப்பி நின்ற திராட்சைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. பக்கத்தில் அழகியமணவாளன் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"இல்ல டாக்டர்," என்றார் அமிர்தசாமி.

"அப்ப இன்னும் பத்து நாள் பாப்போம். சரியாகலைன்னா நாமக்கல் காலேஜுக்குத்தான் அனுப்பணும். மயக்க மருந்து குடுத்து உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். ஒம்பது கிலோவுல மயக்கம் தாங்குமான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். தெரிஞ்சுக்கங்க."

அதற்குப் பிறகு நாய்க்குப் பொட்டலம் கொடுக்கவில்லை. ஆனால் பொட்டலம் வருவது நிற்கவில்லையே. முதல் நாள் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தார். மறுநாள் எறும்பு வரிசை வீட்டைச் சுற்றி வந்தது. அன்றைய பொட்டலத்தை, கூட்டிப் பெருக்க வரும் இருளாயியிடம் நீட்டினார்.

"வேணாஞ்சாமி. எனக்கும் கீழ ஒரு பொட்டலம் குடுத்துட்டுத்தான் அந்தச் சாரு மேல வர்றாரு. வீட்டுல புளிச்சோறுன்னாலே பிள்ளைங்க ஓடுதுங்க."

மூன்றாம் நாள் தானே தின்றுவிடுவது என்று உட்கார்ந்தார். இலையைப் பிரித்தார். நல்லெண்ணெய் வாசனையோடு புளியோதரை. இரண்டு நாள் ரசத்துக்குப் பழகிய நாக்கில் எச்சில் ஊறியது. கை பாதி வழி போனது. சுவரில் ரோசரி. அவள் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தின்றிருப்பார், படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று மேஜையிலேயே இலையை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது இலை தரையில் கிடந்தது, கழுவி வைத்த மாதிரி. ஃபோர்மேன் மேஜையடியில் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மனையில் மார்க் போட ஒன்றுமில்லை. ஒரு கரண்டியளவு, சிவப்பாக. நாய் பின்னங்கால் நடுங்க அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அழகியமணவாளன் பேனாவோடு குனிந்தவர் நிமிரவில்லை. "இது டேபிள்ல இல்லையே."

"அட்டையை மூடுங்க சார். ஒரு கட்டம் விட்டுப்போச்சு."

"என்ன கட்டம்?"

"காலையில நீங்க குடுக்கிற பொட்டலம்."

"அது உங்களுக்குன்னா குடுக்கறேன்."

"நான் சாப்பிடறதில்ல சார்."

"பின்னே?"

"அந்தப் பொட்டலம்..." என்று அமிர்தசாமி நாயின் பக்கம் பார்த்தார். பொட்டலம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஃபோர்மேன் அந்த நிலையிலும் வாலைத் தூக்கி இரண்டு தரம் தரையில் அடித்தது. அதைவிடத் தெளிவாக யாரும் வாக்குமூலம் கொடுத்துவிட முடியாது.

அழகியமணவாளன் பேனாவின் மூடியைப் போட்டார்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"பங்குனி உத்திரத்துச் சேர்த்திப் பிரசாதம்?"

"அதுவும்."

"அதுக்கு ஒரு வாய் கிடைக்காதான்னு ஜனங்கள் என்னமா நிக்கறா தெரியுமோ?" குரல் உயர்ந்தது. நாயைப் பார்த்ததும் தானாக இறங்கியது. மனையோரத்து மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தார். வேட்டியில் மண் ஒட்டும் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன பலவந்தமா பண்ணினேன்?"

"சொன்னா நீங்க வர மாட்டீங்க."

கருவை மரத்தில் இரண்டு தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. கொள்ளிடத்து மணலிலிருந்து காற்று வந்தது.

"எனக்கு சுகர் முந்நூத்தி இருபது," என்றார் அழகியமணவாளன்.

"சார்?"

"அதுல ஒரு பருக்கை வாயில போட்டு ஒன்றரை வருஷம் ஆறது. தம்பி பிள்ளை தினம் கொண்டுவரான். வேண்டாண்டா, ஒத்துக்கலைன்னா அவன் எதுக்கு வரப்போறான்? எங்காத்துல 'பெரியப்பா'ன்னு ஒரு குரல் கேக்கறது அப்போ மட்டும்தான். வாங்கிண்டுடுவேன். வாங்கினதைத் தூக்கிப் போட முடியுமோ? கதவைத் தெறந்தா எதிர்ல உங்காம் இருந்தது."

"அப்ப நீங்களும் சாப்பிடல."

"இல்லை."

"நானும் சாப்பிடல."

இருவரும் நாயைப் பார்த்தார்கள். இரண்டு கௌரவமான மனிதர்களின் மரியாதையைச் செரிக்கும் வேலை எட்டு மாதமாக ஒரு குடலின் தலையில் விழுந்திருந்தது.

அமிர்தசாமி அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். ஜென்சி பேசியது மதகுச் சுவர்வரை கேட்டது. "திராட்சை போட்டதா? நெய்யிலயா? ரெண்டு பேரும் படிச்சவங்கதானே! இப்பவே தூக்கிட்டு வாங்க." அழகியமணவாளன்தான் ஆட்டோ பிடித்தார். துண்டை விரித்து நாயை மடியில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். ஸ்நானம் ஆன உடம்பு என்று ஒரு பேச்சு வரவில்லை.

மூன்று நாள் குளுகோஸ் ஏறியது. பிறகு பத்தியம் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியது. விராலும் கிழங்கும் மட்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடைக்கடியில் குனிந்து மார்க் போட்டார்கள். ஆறு. ஐந்து. ஐந்து. தீபாவளி வெடிச்சத்தத்தில் ஒரு நாள் ஆறு. அப்புறம் நாலு. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றுக்குக் கீழே இறங்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

காலை எட்டு மணிக்கு வீட்டு மணி அடிக்கவில்லை. பொட்டலம் இப்போது எங்கே போகிறது என்று அமிர்தசாமி கேட்கவில்லை. மனையில் பார்க்கும்போது இருவரும் நாயைப் பற்றி மட்டும் பேசினார்கள், அலுவலகத்தில் பேசுவதுபோல.

கார்த்திகைக் கடைசியில் எட்டு வாரமும் முடிந்தது. பதின்மூன்று கிலோ நானூறு. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இந்தச் சாப்பாட்டை ஆயுசுக்கும் மாத்தாதீங்க. மாத்தினா திரும்ப வரும். மத்தபடி இது இப்ப நல்ல நாய். தினம் பாத்து எழுத வேண்டாம். அட்டையை நிறுத்திடலாம் சார்."

அழகியமணவாளன் அட்டைகளைக் கோப்பாகக் கட்டி, அட்டவணை வைத்து, இரு கைகளாலும் டாக்டரிடம் ஒப்படைத்து, கூட்டு முயற்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். வெளியே ஒரு லாப்ரடார் வாந்தி எடுக்கும் சத்தத்தில் அதில் இரண்டு வார்த்தைதான் கேட்டது.

மறுநாள் காலை மனையில் அமிர்தசாமி மட்டும் குனிந்து பார்த்தார். மூன்று. அசல் மூன்று. நிமிர்ந்தபோது சொல்ல ஆளில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வியாதி இருந்தவரை எதிர் வீடு பதினோரு அடித் தூரத்தில் இருந்தது. இப்போது உபன்யாசத்தை டிவியில் வைக்கும் சத்தமும் குக்கர் விசிலும் மட்டும் அங்கிருந்து வந்தன. ஒரு ஆளுக்கு மூன்று விசில் எதற்கு என்று யோசித்துக்கொண்டே மீனில் முள் தேடினார். ஞாயிற்றுக்கிழமை ஆசீர் கேட்டான், நாய் எப்படிப்பா. "நல்லாயிடுச்சு" என்றார். "அப்புறம் என்ன, எல்லாம் சரியாயிடுச்சுல்ல" என்று அவன் வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அமிர்தசாமி சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோர்மேனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, நடையைத் தாண்டி எதிர் வீட்டு மணியை அடித்தார். அடித்த பிறகுதான் தெரிந்தது, கையில் ஒன்றுமில்லை, சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. அழகியமணவாளன் பனியனோடு நின்றார். நெற்றியில் திருமண் பாதிதான் ஆகியிருந்தது.

"என்ன அமிர்தசாமி சார்?"

"ஃபோர்மேனுக்கு..." சங்கிலியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஃபோர்மேனுக்கு இன்னிக்குக் கொஞ்சம் இளகினாப்ல இருந்துச்சு சார்."

அழகியமணவாளன் நாயைப் பார்த்தார். அது அவர் முழங்காலில் முன்னங்கால்களைப் போட்டு, வாலை நிலைப்படியில் மோதிக்கொண்டிருந்தது, ரோமம் பளபளத்தது.

"காத்தால பால்கனிலேர்ந்து பாத்தேனே. கெட்டியா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அமிர்தசாமியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார்.

"அங்கேர்ந்து எனக்குச் சரியாத் தெரியலை. உள்ள வாங்கோ, ரெண்டு பேரும். நின்னுண்டு பேசற விஷயமா இது?"